வழுக்கை ஆற்றோரம் காப்பெற் வேண்டாம், அம்புக்குறி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வழுக்கை ஆற்றோரமாக ‘பிரான்ஸில் இருப்பதுபோல’ ஒரு சைக்கிள் பாதை போடவேண்டும் என்ற கதை யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அடிக்கடி எழும்புகிறது. கோயில் திருவிழாவுக்கு பாரிஸில் இருந்து வந்து நிற்பவர்களின் கைப்பேசியில் லுவார் ஆற்றங்கரைப் படங்களைப் பார்த்த சூட்டோடு, பத்தடி அகலத்தில் காப்பெற் என்ற வழுவழுப்பான தார்த் தளம், இரண்டு பக்கமும் மின்விளக்கு, நடுவில் வெள்ளைக் கோடு என்று ஆளாளுக்கு ஒரு திட்டம் சொல்கிறார்கள். பிரான்ஸ்காரர் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் எதைச் செய்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டால் இங்கே பெரும் பணமும் மிஞ்சும், ஆறும் மிஞ்சும்.

லுவார் பிரான்ஸின் மிக நீளமான ஆறு. ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்று மேல். நெவேர் நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி அத்திலாந்திக் கடலில் முடியும் அதன் சைக்கிள் வழி ஏறக்குறைய 900 கிலோமீற்றர். அத்திலாந்திக்கில் இருந்து கருங்கடல் வரை போகும் ஐரோப்பிய 6ஆம் இலக்கச் சைக்கிள் நெடுவழியின் ஒரு துண்டு அது. இந்த 900 கிலோமீற்றரில் பெரும்பகுதி தனிச் சைக்கிள் பாதை கிடையாது. வெள்ளத்தை மறிக்க நூற்றாண்டுகளுக்கு முன்னர் கட்டத் தொடங்கிய அணைகளின் மேல்தளம், திராட்சைத் தோட்டத்துக்கு உழவு இயந்திரம் போகும் வழி, இரண்டு சிற்றூர்களை இணைக்கும் ஒடுங்கிய வீதி எல்லாம் முன்பே கிடந்தவைதான். அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, சந்திக்குச் சந்தி பச்சையும் வெள்ளையுமான ஒரு சின்னப் பலகை நட்டார்கள். படங்களில் தெரியும் அமைதி அந்த முடிச்சில் இருந்து வந்தது.

எந்த வீதியை முடிச்சுப் போடலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பியச் சைக்கிள் நெடுவழிகளில் நாளொன்றுக்கு 500 வாகனங்களுக்கு மேற்படாத வீதியைத்தான் ‘மிகக் குறைந்த போக்குவரத்து’ என்று எடுப்பார்கள். பகல் பதினாறு மணித்தியாலத்துக்கு அதைப் பிரித்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வாகனம். இதை அளக்கப் பொறியியலாளர் தேவையில்லை. ஒரு மதகில் குந்தியிருந்து, விடிய ஒரு மணித்தியாலம், பள்ளிக்கூடம் விடும் நேரம் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் எண்ணினால் போதும். மணித்தியாலத்துக்கு முப்பது வாகனத்தைத் தாண்டினால் அந்த வீதியை விட்டு அடுத்த ஒழுங்கையைப் பாருங்கள். சண்டிலிப்பாய்க்கும் அளவெட்டிக்கும் இடையில் இந்தச் சோதனையில் தேறக்கூடிய ஒழுங்கைகளுக்குக் குறைவில்லை.

தனிப்பாதைகளும் அங்கே உண்டு. அவற்றுக்கு ‘பச்சைப் பாதை’ என்று பெயர். இயந்திரமில்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள் தவிர வேறு எவருக்கும் இடமில்லாத வழி என்று 2004இல் போக்குவரத்துச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அவற்றுள் முதலாவது 1997இல் பூர்கோஞ் பகுதியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே திறக்கப்பட்டது, 44 கிலோமீற்றர். ரயில் ஓடாமல் விட்ட பழைய தண்டவாளப் படுக்கையின் மேல் தார் போட்டார்கள். கொர்மத்தான் கோட்டைக்கும் தெய்சேக்கும் அருகால், க்ரோன் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கைப் பிடித்துப் போகிற வழி அது. பழைய ரயில் நிலையங்களும் கடவைக் காவலர் குடியிருந்த சின்ன வீடுகளும் இன்னும் ஓரத்தில் நிற்கின்றன. நீராவி இயந்திரம் ஏறக்கூடிய சரிவுக்கு மேல் தண்டவாளம் போட முடியாது என்பதால், மலைப்பாங்கான இடத்திலும் பெடலை மிதிக்கும் காலுக்கு நோவு தெரியாது. க்ளூனியைத் தாண்டி மாகோன் பக்கம் போகும்போது 1.6 கிலோமீற்றர் நீளமான ஒரு சுரங்கம் வரும். குளிர்காலத்தில் அதை மூடி வௌவால்களுக்கு விட்டுவிடுகிறார்கள். அந்த மாதங்களில் மேட்டைச் சுற்றி ஏறித்தான் போகவேண்டும்.

எங்களுக்கு இந்த வழி பொருந்தாது. எங்கள் தண்டவாளம் 1990இல் நின்று, 2014இல் யாழ்ப்பாணம் வரையும் 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரையும் திரும்பி வந்துவிட்டது. அது ரயிலுக்கே இருக்கட்டும்.

நாங்கள் பார்க்கவேண்டியது மூன்றாவது வகையை. மயேன் என்ற ஆற்றின் கரையில், அதே பெயருள்ள ஊரில் இருந்து லவால் நகரத்தைத் தாண்டிப் போகிறது ஒரு மண்பாதை. படகுகளைக் கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்துச் சென்ற காலத்துப் பாதை அது. கயிறு சிக்கக்கூடாது என்பதற்காகத் தண்ணீர்ப் பக்கம் மரம் வைக்கவில்லை. குதிரை படகின் மட்டத்தில் நடக்கவேண்டும் என்பதற்காகப் பாதையைத் தண்ணீருக்கு மிகக் கிட்டப் போட்டார்கள். இந்த இரண்டாவது காரணம்தான் இன்றைக்குச் சைக்கிளோட்டிகளின் தலையிடி. பாலங்களுக்குக் கீழே பாதை இன்னும் தாழ்கிறது. மாரியில் ஆறு ஏறினால் முதலில் முழுகுவது அந்தப் பத்து மீற்றர். தண்ணீர் வடிந்த பிறகும் நாலு விரல் தடிப்பில் வண்டல் கிடக்கும். வெயிலில் இருந்து நிழலுக்குள் வேகமாக இறங்குபவனுக்கு அது கண்ணில் படாது. முன்சில்லு வழுக்கும். வழுக்கை ஆற்றில் மதகுகளை ஒட்டிய இறக்கங்களில் நடக்கப்போவதும் இதுதான்.

பாதையின் மேற்பரப்பைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காப்பெற் ஆசை பிழைப்பது இங்கேதான். பிரான்ஸின் ஆற்றங்கரைகளில் நீண்ட தூரத்துக்கு நொறுக்கிய கல்லும் கல்தூளும் கலந்து, நனைத்து, உருளையால் அமுக்கிய தளம்தான் இருக்கிறது. சுண்ணக்கல் தூள் நனைந்து காயும்போது தானாகவே இறுகும். இறுகிய தளத்தில் சைக்கிள் ஏறக்குறைய தார் வீதியில் ஓடுவதுபோலவே ஓடும். நல்ல மழைக்குப் பிறகு வெள்ளைச் சேறு செயினிலும் பிறேக் கட்டையிலும் அப்பும் என்பது உண்மை. ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிக் கழுவி இரண்டு துளி எண்ணெய் விட்டால் சரி. எங்கள் குடாநாடே சுண்ணக்கல்லின் மேல் இருப்பதால் கல்லுடைக்கும் இடங்களில் கழியும் தூள் போதும். இதற்கென்று புதிதாக ஒரு கிடங்கும் வெட்டவேண்டாம்.

அந்தத் தளத்தைக் கெடுப்பது சில்லு அல்ல, நிற்கும் தண்ணீர். பாதையைத் தட்டையாகப் போட்டால் நடுவில் குட்டை கட்டும். குட்டையில் தூள் கரைந்து போகும், கல் தனியே மிஞ்சும், அடுத்த மாரியில் அது குழி. ஆகவே ஒரு பக்கத்துக்கு நூற்றுக்கு இரண்டு சரிவு வைப்பார்கள். மூன்று மீற்றர் அகலப் பாதையில் ஓர் ஓரம் மற்றதைவிட 6 சென்றிமீற்றர் தாழ்ந்திருக்கும். மேசனின் நீர்மட்டக் குழாயால் பார்த்துவிடலாம். அந்தச் சரிவு வயல் பக்கம் இருக்கவேண்டுமா, ஆற்றுப் பக்கமா? ஆற்றுப் பக்கம் வைத்தால் மழைநீர் கரைக்கட்டின் சரிவை அரித்து இறங்கும். வயல் பக்கம் வைத்து, ஓரத்தில் ஒரு சாண் அகல வாய்க்கால் வெட்டி, மதகுக்கு மதகு ஆற்றுக்குள் விடுவதுதான் நல்லது. சரிவு பிழைத்தால் மேலே எதைப் போட்டாலும் இரண்டு மாரி தாங்காது.

காப்பெற் போட்டால் வேறு இரண்டு வினை வரும். ஒன்று வேர். பிரான்ஸின் கால்வாய்க் கரைகளில் வரிசையாக நிற்கும் மரங்களின் வேர்கள் மெல்லிய தாரைக் குறுக்கே தூக்கி, உழுத சால்போல ஆக்கியிருக்கின்றன. பின்கரியரில் இருபது கிலோ கட்டியவருக்கு ஒவ்வொரு சாலும் முதுகில் ஒரு குத்து. இங்கே ஆலும் அரசும் வேம்பும் அதையே செய்யும். பனையின் வேர் நாராக இறங்குவதால் அப்படித் தூக்காது. கரையைப் பிடித்தும் வைத்திருக்கும். பனம்பழம் விழும் காலத்தில் தலையை நினைத்து, பாதையின் ஓரத்தில் இருந்து மூன்று மீற்றராவது தள்ளி விதையுங்கள், அவ்வளவுதான்.

மற்ற வினை மோட்டார் சைக்கிள். தளம் வழுவழுப்பாக இருந்தால் வேகம் வரும். வேகம் வந்தால் அது குறுக்குவழியாகும். பச்சைப் பாதைகளின் வாசலில் மரக்கட்டைகள் நட்டு, நடுவில் ஒன்றரை மீற்றர் இடைவெளி விடுவார்கள். கார் நுழையாது. மோட்டார் சைக்கிள் தாராளமாக நுழையும். அதையும் மறிக்கப்போய் வளைத்து வளைத்துக் கம்பித் தடுப்புப் போட்ட இடங்களில், சக்கர நாற்காலிக்காரரும் பின்னால் பிள்ளை வண்டி பூட்டிய தாய்மாருமே மாட்டுப்பட்டார்கள். ஸ்கூட்டர்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விட்டான். ஆக, சைக்கிள் நுழையும் எந்த வாசலிலும் மோட்டார் சைக்கிள் நுழையும் என்று ஏற்றுக்கொண்டுதான் திட்டம் போடவேண்டும். வழுக்கை ஆறு நெளிந்து வளைந்து போவதால் அதன் கரை எந்த இடத்துக்கும் குறுக்குவழி அல்ல. நாமே அதை நிமிர்த்திக் காப்பெற் போட்டுக் குறுக்குவழி ஆக்காமல் விட்டால் அவசரக்காரர் யாழ்ப்பாண வீதியிலேயே போவார்கள்.

கட்டை நடுவதென்றால் இன்னொரு கவனம். பாதையின் நட்டநடுவில் ஒற்றைக் கட்டை நடுவது அங்கே கூட்டமாக ஓடுபவர்களுக்குப் பெரிய ஆபத்து. முன்னால் போகிறவன் கண்டு விலகிவிடுவான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருபவன் நேரே போய் மோதுவான். இதற்காகவே முன்னே போகிறவர் சத்தமாகக் குரல் கொடுத்து எச்சரிக்கும் வழக்கம் இருக்கிறது. சீமெந்துத் தூணை நடுவதாக இருந்தால் மேல் ஓரடிக்கு வெள்ளை அடித்து, ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டாமல் நடவேண்டாம்.

கமக்காரரை மறந்துவிட்டு இதைச் செய்ய முடியாது. பிரான்ஸின் ஆற்றங்கரைகளில் ‘வாகனம் நுழையாதே’ என்ற பலகைக்குக் கீழேயே, கரையில் குடியிருப்பவர்களும் விவசாய வாகனங்களும் இதற்கு விலக்கு என்று எழுதிய சிறு பலகை தொங்கும். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வயலுக்குப் போகத்தான் வேண்டும், சூடடித்த நெல்லும் வெளியே வரத்தான் வேண்டும். அறுவடை மாதத்தில் நெல் காயப்போட்டிருந்தால் சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். நெல்லின் மேல் ரயர் ஏற்றுகிறவருக்கு இந்தப் பாதையில் என்ன வேலை?

இனி ஆற்றின் கணக்கு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை என்று வந்து அராலியில் கடலேரியோடு சேர்கிறது வழுக்கை ஆறு. நீளம் ஏறக்குறைய 16 கிலோமீற்றர். மாரியில் மட்டும் ஓடும் ஆறு என்று அதை இளக்காரமாகச் சொல்வார்கள். சைக்கிள் வழிக்கு அது நல்லது. மாசியில் இருந்து புரட்டாதி வரை கரை காய்ந்து கிடக்கும். ஐப்பசி கடைசியில் இருந்து தை வரை ஆற்றங்கரையை விட்டு ஒழுங்கையால் சுற்றிப் போகும் மாற்றுவழி ஒன்றை முதலிலேயே குறித்து, அதற்கும் அம்பு போடவேண்டும். லுவார் வழியிலும் வெள்ளக் காலத்துக்கு மாற்றுவழிகள் உண்டு.

எந்தப் பக்கம் இருந்து ஓடுவது என்று கேட்டால் பலர் ஆறு ஓடும் பக்கம் என்பார்கள், இறக்கம்தானே என்று. லுவார் நெவேரில் இருந்து கடல் வரை கிலோமீற்றருக்கு ஒரு முழம்கூட இறங்கவில்லை. இறக்கம் என்பது பெயருக்கு. ஆனால் கச்சான் காற்று அங்கேயும் கச்சான்தான். அத்திலாந்திக்கில் இருந்து வரும் மேல்காற்று, கடலை நோக்கி ஓடுகிறவர்களின் நெஞ்சில் நாள் முழுவதும் அடிக்கும். அப்படியிருந்தும் ஏராளமானோர் கடலை நோக்கித்தான் ஓடுகிறார்கள். கடலில் முடிந்தால் ஒரு நிறைவு போலும். வழுக்கை ஆறு வடகிழக்கில் இருந்து தென்மேற்காக இறங்குகிறது. தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை அராலியில் தொடங்கித் தெல்லிப்பழைக்கு ஓடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் தெல்லிப்பழையில் தொடங்குங்கள். பதினாறு கிலோமீற்றரும் காற்று முதுகில் இருக்கும். அராலியில் இருந்து கல்லுண்டாய் வெளியால் யாழ்ப்பாணம் திரும்புபவர்களுக்குச் சோளகம் வலப்பக்கத்தால் அடிக்கும். மறைவுக்கு ஒரு வேலிகூட இல்லாத வெளி அது. விடியக் காலை எட்டு மணிக்குள் தாண்டிவிடுவது புத்தி.

சைக்கிளுக்குப் புதுச் செலவு வேண்டாம். ஆற்றங்கரைத் தளத்துக்கு அங்கே பரிந்துரைப்பது 35 முதல் 40 மில்லிமீற்றர் அகல ரயர். எங்கள் ஊர் இருபத்தெட்டு - ஒன்றரை அங்குல ரயர் அதே அகலம்தான். காற்றை மட்டும் தார் வீதிக்கு அடிக்கிற மாதிரிக் கல்லாக அடிக்காமல், பெருவிரலால் அமத்தினால் சற்றே பதியும் அளவுக்கு விடுங்கள். கல்லாக அடித்த ரயர் சரளையில் துள்ளும். பாரிஸில் இருந்து தங்கள் சைக்கிளைக் கொண்டுவருகிறவர்கள் கவனிக்கவேண்டியது: அங்கத்தைய 700 ரக வளையத்தை அளந்தால் 622 மில்லிமீற்றர், இங்கத்தைய இருபத்தெட்டு - ஒன்றரை 635. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ரயர் மாறாது. காற்று அடிக்கும் வால்கட்டையும் வேறு. ஆகவே இரண்டு ரியூப்பும் ஒரு கைப்பம்பும் கொண்டுவரட்டும். முள்ளுக்கு இரண்டு நாட்டிலும் பஞ்சமில்லை. அங்கே வேலி வெட்டும் காலத்தில் பாதையில் சிதறும் முட்கொம்பு, இங்கே நெருஞ்சி. ஒட்டுப் போட்டு முடிந்ததும் ரயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். முள்ளின் நுனி உள்ளே நின்றால் ஒரு மைலில் திரும்பவும் காற்றுப் போகும்.

தண்ணீருக்கு பிரான்ஸ் சைக்கிளோட்டிகள் தேடுவது சவக்காலையை. ஊர்ச் சவக்காலைகளில் பூக்களுக்கு ஊற்றக் குழாய் இருக்கும், குடிக்க உதவாது என்று எழுதியிருக்காவிட்டால் போத்தலை நிரப்பலாம். மத்தியானம் இரண்டு மணித்தியாலம் கடைகளும் பூட்டு, திங்களில் பல வெதுப்பகங்களும் பூட்டு என்பதால் அவர்களுக்கு இது பெரிய விடயம். எங்களுக்குக் கோயிற் கிணறு இருக்கிறது. அராலிப் பக்கம் நெருங்க நெருங்கச் சில கிணறுகள் உவர் என்பதால் சண்டிலிப்பாயிலேயே நிரப்பிக்கொள்ளவேண்டும். எந்தக் கிணறு நன்னீர் என்று வழிப்பலகையில் ஒரு குறி போட்டால் வெளியூரார் வாழ்த்துவார்கள்.

விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் பாரிஸ் போகிறவர்கள் நேரிலேயே பார்க்கலாம். பெர்சி நிலையத்தில் இருந்து திஜோன் வழியாக லியோன் போகும் பிராந்திய ரயில் சாலோனிலும் மாகோனிலும் நிற்கும். சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம், கொக்கிகள் குறைவு என்பதால் முந்தவேண்டும். சாலோனில் இறங்கி ஜிவ்ரி, க்ளூனி வழியாக மாகோன் வரை 70 கிலோமீற்றருக்கு மேல்; இரண்டு நாள் ஆறுதலாக ஓடலாம். வெளிச்சமும் மணியும் சட்டப்படி கட்டாயம். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தலைக்கவசம் கட்டாயம். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடினால் தண்டம். சைக்கிள்காரரை வரவேற்கும் விடுதிகளுக்கு நாடளாவிய ஒரு முத்திரை உண்டு. வழியில் இருந்து 5 கிலோமீற்றருக்குள் இருந்து, சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் திருத்த ஆயுதமும் கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

உள்ளூராட்சி சபைகளிடம் கேட்பது இதுதான். இந்த மாரி முடிந்ததும், பங்குனிக்குள், உடைந்த மதகுகளின் இறக்கத்தைச் சீராக்குங்கள். அடுத்தது பலகை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று வேண்டும்: திருப்பத்துக்கு முப்பது மீற்றர் முன்னால் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, திரும்பியபின் ‘சரியான வழிதான்’ என்று சொல்ல ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிப்பார்கள். பெயரில்லாத, எல்லா வேலியும் ஒரே கதியால் வேலியாகத் தெரியும் எங்கள் ஒழுங்கைகளில் அது இல்லாவிட்டால் வெளியூரான் கந்தரோடையில் திரும்பி மல்லாகத்தில் போய் நிற்பான். பலகையைக் கண்மட்டத்துக்கு மேலே, கிளை மறைக்காத பக்கமாக அடியுங்கள். கதியால் தழைப்பதற்கு முன் அடித்த பலகையை ஆவணியில் ஒருதரம் போய்ப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிளில் ஊர் சுற்றும் வாசகர்கள் சிலர்,
சண்டிலிப்பாய்.